சத்தம் மட்டும் வராது

பார்வையில்லாதவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் இயந்திரம் அந்தப் பொது நூலகத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இன்றுவரை அது ஒரு வரி வாசித்ததில்லை. இயந்திரத்தை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதற்கு வாய் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்களுக்குத்தான் புத்தி இல்லை.

எனக்கும் பார்வை இல்லை. ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆப்பரேட்டர். பதினோரு வருடமாக அதே நாற்காலி. மேற்பார்வையாளர் ஆக ஒரு தேர்வு உண்டு, மூன்று முறைதான் எழுதலாம். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. அதற்குப் படிக்க வேண்டிய விதிப் புத்தகம் கடையில் கிடைக்காது. நூலகத்தில் ஒரே பிரதி. வெளியே கொண்டுபோகக் கூடாது, போனில் படம் எடுக்கவும் கூடாது. போன இரண்டு முறையும் என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான். ஒரு பத்தி வாசிப்பான், இரண்டு பத்தியை விழுங்குவான். "அதெல்லாம் கேக்க மாட்டாங்கக்கா" என்பான். அவன் விழுங்கியதைத்தான் இரண்டு முறையும் கேட்டார்கள். இந்தத் தடவை யாரையும் நம்பாமல் நானே படிப்பது என்று முடிவு செய்தேன். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இயந்திரம் இருக்கும் அறைக் கதவில் பிரெயில் பலகை மாட்டியிருக்கிறது என்று காவலாளி பெருமையாகச் சொன்னார். தடவினேன். வழவழவென்று கண்ணாடி.

"கை பட்டா அழுக்காயிடும்னு மேல கண்ணாடி போட்டு மூடிட்டாங்கம்மா."

உள்ளே நூலகர் ஒரு படிவம் நீட்டினார். பயன்படுத்துபவரே தன் கைப்பட நிரப்ப வேண்டுமாம். தம்பி நிரப்பினான். நான் கைப்பட நிரப்பியதாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிறகு இயந்திரத்தின் உறையைக் கழற்றினார். பிளாஸ்டிக் மொறமொறத்ததிலிருந்தே அது அடிக்கடி கழற்றிய உறை இல்லை என்று தெரிந்தது. புத்தகத்தை விரித்து வைத்தார், பொத்தானை அமுக்கினார். கேமரா 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"வாசிக்கலையேங்க?"

"வாசிக்குதும்மா. மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. சத்தம் மட்டும் வராது."

"ஏன் வராது?"

"இது லைப்ரரிம்மா. சத்தம் போடக் கூடாதுன்னு சுவத்துலயே எழுதி வச்சிருக்கோம். வந்த அன்னிக்கே ஸ்பீக்கரைக் கழட்டி பீரோவுல வச்சுட்டேன்."

"அறைக் கதவைச் சாத்திக்கிட்டுக் கேக்கலாமே."

"சாத்திட்டா உள்ள என்ன நடக்குதுன்னு நாங்க எப்படிப் பாக்கிறது?"

"அப்ப ஹெட்போன் குடுங்க."

"கேட்டு எழுதிப் போட்டிருக்கு. வரும்."

"என்னோடதைக் கொண்டுவரட்டா?"

"வெளிப் பொருளை இதுல சொருகக் கூடாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, மனசு கேட்காமல் சொன்னார்: "எழுத்தெல்லாம் ஸ்கிரீன்ல நல்லாப் பெரிசா வருது. வேணும்னா அதைப் பாத்துக்குங்களேன்."

தம்பி சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஆள் கெட்டவர் என்றால்கூட மன்னித்திருப்பேன். கெட்டவர்களுக்குக் கொஞ்சமாவது மூளை வேலை செய்யும்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். ஹெட்போன் வந்துகொண்டே இருந்தது. ஏழு நாள் போயிற்று. எட்டாம் நாள் காலையில் நூலகரே போன் செய்தார். குரலில் தேன் வழிந்தது.

"ஹெட்போன் வந்துடுச்சும்மா. இன்னிக்குப் பதினோரு மணிக்கு வர முடியுமா? மேலதிகாரி வேற வர்றாரு."

தம்பியோடு போனேன். போனதும் நாற்காலியில் உட்கார வைத்து என் தலையில் ஹெட்போனை மாட்டினார்கள். புது ரப்பர் வாசனை. "கேக்குதான்னு கேட்டா தலைய மட்டும் ஆட்டுங்க" என்றார் நூலகர். ஒயரை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பார்த்தேன். அதன் முனை என் மடியிலேயே கிடந்தது. இயந்திரத்தின் ஓட்டையைத் தேடிச் சொருகிப் பார்த்தேன். முனை பெரிசு, ஓட்டை சின்னது. அளவு பார்த்து வாங்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. சொருகு முனையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன்.

ஐந்தாறு ஜோடி செருப்புச் சத்தம் உள்ளே வந்தது. நடுவில் ஒரு பூட்ஸ்.

"எப்படிம்மா இருக்கு?" என்றது பூட்ஸ்.

"நான் சொன்னா நல்லா இருக்காது சார். நீங்களே கேட்டுப் பாருங்க." ஹெட்போனைக் கழற்றி நீட்டினேன்.

வாங்கி மாட்டிக்கொண்டார்.

"அருமை," என்றார் மேலதிகாரி. "உச்சரிப்பு ரொம்ப சுத்தம்."

"ஆமா சார், சுத்தம் சார்" என்று நாலு பேர் ஒத்து ஊதினார்கள்.

நான் கையை விரித்துக் காட்டினேன். "சார், ஒயரோட முனை என் கையில இருக்கு."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மேலதிகாரி தொண்டையைச் செருமினார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

"அம்மாவுக்கு என்ன புத்தகம் வேணும்? வீட்டுக்குக் குடுத்தனுப்புங்க. ஒரு வாரம் வச்சுக்கட்டும்" என்றார், பசித்தவனுக்குப் பழையதைப் போடுகிறவர் மாதிரி. பூட்ஸ் வெளியேறியது. மலை மாதிரி நின்ற விதி அரை நிமிடத்தில் கரைந்துவிட்டது.

புத்தகம் என் மடிக்கு வந்தது. நல்ல கனம். வீட்டுக்குப் போய்ப் படம் எடுத்தால் என் போனே வாசித்துவிடும். நான்கு நாள் போதும்.

"இதுல மட்டும் ஒரு கையெழுத்து," என்று நூலகர் ஒரு ஏட்டை முன்னால் வைத்து, என் விரலைப் பிடித்து இடம் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கு?"

"வழக்கமா எழுதுறதுதாம்மா."

தம்பி வாசிக்க வாயெடுத்தான். "வேண்டாம்டா" என்று அவன் கையை அமுக்கினேன். வாசித்தால் நான் கையெழுத்துப் போட முடியாது. போடாவிட்டால் புத்தகம் போய்விடும். போட்டேன். அந்த அறையில் அன்றைக்கு எத்தனையோ பேர்மேல் காறித் துப்பத் தோன்றியது. கையெழுத்தைப் போட்டு முடித்ததும் அந்த வரிசையில் நானும் போய் நின்றேன்.

தேர்வில் தேறினேன். தனி அறை, தனி மேசை, சுழலும் நாற்காலி. இரண்டு மாதம் கழித்து என் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. ஆண் குரல். முன்பு லாரி ஓட்டினாராம். கண் போய் எட்டு மாதம் ஆகிறதாம். வேறு வேலைக்குப் படிக்கிறாராம்.

"லைப்ரரியில உங்க நம்பர் குடுத்தாங்கம்மா. மெஷின்ல எனக்கு ஒண்ணுமே கேக்கலைன்னு சொன்னேன். உடனே ஏட்டை எடுத்து வாசிச்சுக் காட்டினாங்க. 'தெளிவாகக் கேட்டது, மிகவும் பயன்பட்டது'ன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களாம்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் இதுக்கெல்லாம் புதுசும்மா. மூணு தடவை போயிட்டேன். கண்ணோட சேர்த்து காதும் போயிடுச்சோன்னு பயமா இருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படிம்மா கேட்டுச்சு?"