பாரசீகத் துறையை ஒப்படைக்கும் முறை

பாரசீகம் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். அதில் இருவர் இறந்துவிட்டார்கள். மூன்றாமவர் பேராசிரியர் வகாருத்தீன். இதை அவரே முதல் வகுப்பில் சொன்னார். வகுப்பு என்பது நான் ஒருவன். பாரசீகம் எடுத்தால் மதிப்பெண் கொட்டும் என்று ஹைதராபாத் முழுக்கப் பேச்சு. அதை நம்பி வந்திருந்தேன்.

“ஈரான்ல ஊரே பேசுதே, சாப்?”

“அது பழக்கம், மியான். படிப்பு இல்ல.”

முப்பத்துநான்கு வருடமாக அவர் ஆண்டது கல்லூரியின் மாடிக் கோடி அறையை. அரபியும் பாரசீகமுமாக இரண்டாயிரத்துச் சொச்சம் கையெழுத்துப் பிரதிகள், அவர் கையாலேயே எழுதிய நான்கு தொகுதி அட்டவணை. துபாய் போகிறவர்களின் நிக்காஹ் பத்திரத்தை அரபியில் மாற்றிக் கொடுத்தே அவருடன் படித்தவர்கள் டோலிச்சௌக்கியில் மாடி வீடு கட்டிவிட்டார்கள். இவர் சைக்கிளில் வந்தார். கேட்டால், “என் அரபி விசா ஆபீஸ் வாசல்ல நிக்காது” என்பார்.

பழைய எழுத்தர்களிடம் மட்டும் அவருக்கு இரக்கமே கிடையாது. பல பிரதிகளின் முதல் தாளில் ‘ஏ கபீகஜ், இந்தத் தாளைக் காப்பாற்று’ என்று எழுதியிருக்கும். கபீகஜ் பூச்சிகளின் ராஜா. ராஜா பெயரைப் பார்த்தால் பூச்சி மரியாதையாக ஒதுங்கிவிடும் என்று நம்பிக்கை.

“மருத்துவம் படிச்சவன், வானநூல் படிச்சவன். கடைசில பூச்சிக்கு மனு போடறான். பூச்சி அரபி படிக்குமா, மியான்?”

“நம்ம காலேஜ் முதல்வரே படிக்க மாட்டாரே, சாப்.”

“அதான். பூச்சியை மட்டும் ஏன் குறை சொல்லணும்.”

அவர் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது முதல்வர் இம்தியாஸ் மேலே ஏறி வந்தார். அறை போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு வேண்டுமாம். பிரதிகள் விடுதிச் சமையலறைக்குப் பின்னால் இருக்கும் கிடங்குக்குப் போகுமாம். அந்தக் கிடங்கில் வெங்காயமே ஒரு வாரம் தாங்காது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள சாவியைக் குடுத்துடுங்க, ஹஸ்ரத்.”

“தாராளமா. ஆனா பொறுப்பை ஒப்படைக்கிறப்ப ஒவ்வொரு புத்தகத்தையும் திறந்து, பேரைப் படிச்சு, வாங்கறவர் கையெழுத்துப் போடணும். உங்க விதிதான்.”

“போட்டா போச்சு.”

பேராசிரியர் ஒரு பிரதியை நீட்டினார். முதல்வர் அட்டையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். உள்ளே புரட்டினார். உருது தெரிந்தவர்தான், ஆனால் அது புள்ளிகூட வைக்காத அவசரக் கையெழுத்து.

“பேர் எங்க?”

“உள்ள வரும். முதல்ல கடவுளைப் புகழ்வான். அப்புறம் நபியை. அப்புறம் சோறு போட்ட நவாபை. பதினஞ்சாம் பக்கம் வாக்கில பேரைச் சொல்வான். சில ஆள் சொல்லவே மறந்துடுவான்.”

முதல்வர் என் பக்கம் திரும்பினார். “இவன் படிக்கட்டும். கல்லூரி சார்பா இவனே கையெழுத்துப் போடட்டும்.” படியில் இறங்கும்போது என்னைத் தனியாக அழைத்தார். “அட்டவணையைப் பார்த்துப் பேரை எல்லாம் வெள்ளிக்கிழமைக்குள்ள எழுதி முடி. உன் வருகைப் பதிவு குறையறதை நான் பார்த்துக்கறேன்.”

எனக்கு வருகைப் பதிவு நாற்பத்தொரு சதவீதம். அறைக்குத் திரும்பினேன். அட்டவணை மேசைமேல் இருந்தது. பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டவணையைத் தள்ளி வைத்துவிட்டு முதல் பிரதியைத் திறந்து கடவுளைப் புகழும் இடத்திலிருந்து ஆரம்பித்தேன். சாயங்காலம்வரை நவாபிடம் வந்து சேரவில்லை.

“நிதானமா படி,” என்றார் பேராசிரியர். “விதி விதிதான்.”

வெள்ளிக்கிழமை வரை நாளுக்கு ஒன்றாக மூன்று பிரதிகள் ஒப்படைக்கப்பட்டன. அவர் ஓய்வு பெற வேண்டிய நாளும் வந்து போனது. பொறுப்பை ஒப்படைக்காதவரை விடுவிக்க முடியாது என்பதும் அதே விதிப் புத்தகத்தில் இருந்தது. என் கணக்கில் அவருக்கு இன்னும் ஐந்தாறு வருட வேலை உறுதி. எனக்குத் தேர்வெழுத அனுமதி இல்லை.

முதல்வர் ஒரே ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: ஒப்படைப்பு முடியும்வரை அந்த அறைக்கு மருந்தடிப்பு கிடையாது.

“பூச்சியைக் காட்டிப் பயமுறுத்தறார்,” என்று பேராசிரியர் சிரித்தார். “முந்நூறு வருஷமா தின்னு தீர்க்க முடியாத புத்தகம், மியான்.” சொந்தச் செலவில் அந்துருண்டையும் வேப்பிலையும் வந்தன. மழையும் வந்தது.

ஒரு காலை அட்டவணையின் இரண்டாம் தொகுதியைத் திறந்தார். தாளிலிருந்து ராமபாணப் பூச்சிகள் நான்கு வெளியே ஓடின. ஓரத்தில் விரல் அகலத்துக்கு எழுத்து இல்லை. அதற்கு நகல் கிடையாது. அவர் தாளை வருடினார்.

“டீ வாங்கிட்டு வா,” என்றார்.

நான் இரண்டு கோப்பைகளோடு திரும்பியபோது முதல் தொகுதியின் வெற்றுத் தாளில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். வாசலிலிருந்தே படிக்க முடிந்தது: ஏ கபீகஜ். பெரிய எழுத்து, ஒரு புள்ளி விடாமல், எந்தப் பூச்சிக்கும் சிரமம் வராதபடி.

மை காய ஊதினார். அடுத்த தொகுதியை எடுத்தார்.

நான் வாசலிலேயே நின்று டீயை ஆற்றினேன்.