எங்கள் வீட்டு மூத்தவள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. தொண்ணூற்றாறாம் வருடம் பாளையம்பட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் மோருக்கும் நடுவில் கிடைத்தது. பக்கத்து இலையில் இருந்த தங்கச்செல்வி சொன்னாள். எம்.ரெட்டியபட்டிக்காரி. "எம் மக, ருஷ்யாவுல படிச்ச டாக்டரு" என்று அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் போனவர் அவளுடைய அம்மா கஸ்தூரி. நான் கதை எழுதுகிறவன் என்றதும் தங்கச்செல்வி சிரித்தாள். "அப்ப நான் ருஷ்யாவுக்கு அப்ளிகேசன் போட்ட கதையக் கேளுங்க" என்று ஆரம்பித்துவிட்டாள்.

சொல்லும் விதம் மட்டும் என்னுடையது. அதில்தான் இத்தனை அடித்தல் திருத்தல்.

2

"கரிசல் காடு வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து—"

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை என்றால் முதல் வரியிலேயே நிலம் வெடித்தாக வேண்டுமா? இந்தக் கதை நடக்கிற வருடம் மழை நன்றாகப் பெய்திருந்தது. பருத்திதான் வெடித்தது.

"தங்கச்செல்விக்குச் சிறு வயதிலிருந்தே வாயில்லா ஜீவன்கள் மீது அளவில்லாத அன்பு—"

இது பச்சைப் பொய். நாயைக் கண்டால் அவள் ஓட்டம் எடுப்பாள். இன்றைக்கும் எடுப்பாளாம், அவளே சொன்னாள்.

சரி, கடையிலிருந்து தொடங்குகிறேன்.

3

அவளுடைய அப்பா சங்கரலிங்கம், எம்.ரெட்டியபட்டியில் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, தவிடு விற்கிற கடை வைத்திருந்தார். வீட்டு நிலவரம் சொல்லாமல் யாரும் அந்தக் கடையில் சாமான் வாங்க முடியாது. "அண்ணாச்சி, நம்ம சின்னவ நேத்துலருந்து திங்க மாட்டேங்குறா" என்று யாராவது வந்து நிற்பார்கள். சின்னவள் என்றால் பசு.*

(* வெளியூர் வாசகருக்கு: மாடு என்பது அடுத்த வீட்டில் இருப்பது. நம் வீட்டில் இருப்பது 'அவ'. இதை மறந்துவிடாதீர்கள், கதையே இதில்தான் நிற்கிறது.)

சங்கரலிங்கம் வீட்டிலும் ஒருத்தி இருந்தாள். தங்கச்செல்வி பிறப்பதற்கு முந்தின வருடமே கன்றுக்குட்டியாக வந்துவிட்டவள். அதனால் அவள் மூத்தவள், இவள் இளையவள். "மூத்தவளுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கஸ்தூரி கத்துவதும், "இளையவளே, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று கத்துவதும் ஒரே குரலில்தான்.

தங்கச்செல்வி ஏழாவது படிக்கும்போது மூத்தவளுக்குக் கன்று வயிற்றுக்குள்ளே குறுக்கே விழுந்துவிட்டது. டாக்டர் நரிக்குடிப் பக்கம் ஆடுகளுக்கு ஊசி போடப் போயிருந்தார். ஆள் போய் அவரைக் கூட்டிவருவதற்குள் தாயும் போய், கன்றும் போய்விட்டது. அதுவரை மூத்தவளின் தலை தங்கச்செல்வியின் மடியில்தான் இருந்தது. (இந்த இடத்தை முதலில் அரைப்பக்கம் எழுதினேன். பந்தியில் அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அரைப்பக்கத்தை அடித்துவிட்டேன்.)

4

பிளஸ் டூ முடித்த வருடம், சோவியத் நாட்டில் உதவித்தொகையோடு கால்நடை மருத்துவம் படிக்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. புண்ணாக்குப் பொட்டலம் மடிக்கிற பேப்பரில்தான் அதைப் பார்த்தாள். நல்லவேளை, அந்தப் பக்கம் இன்னும் பொட்டலமாகவில்லை.

"மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறேம்மா."

"டாக்டருக்குன்னு சொன்னாப் பத்தாதா? முன்னாடி எதுக்கு அந்த வார்த்த?" என்றார் கஸ்தூரி. அன்று சாயங்காலமே, மகள் டாக்டருக்குப் படிக்க ருஷ்யா போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டார். முன்னால் ஒரு சொல்லும் கிடையாது. அந்த அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். தன் வீட்டில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருத்தி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

ஏன் இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருந்தார்கள். தங்கச்செல்வி தமிழில் எழுதினாள். கஸ்தூரி பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏ, ஈத்துன்னு எழுதிருக்க? வெள்ளக்காரவுக படிக்கிற பேப்பருல்ல! நாகரிகமா எழுது."

கன்று ஈனுவதைச் சொல்கிற ஈத்து, பிரசவமாயிற்று. மற்றதெல்லாம் அவர்கள் வீட்டில் பேசுகிற மாதிரியேதான். முடிவில் அந்தப் பக்கம் இப்படி இருந்தது:

"எங்கள் வீட்டு மூத்தவள் பிரசவத்தின்போது இறந்துபோனாள். டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் தலை என் மடியில் இருந்தது. அன்றுதான் இந்தப் படிப்பைப் படிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்."

மாடு என்ற சொல்லை இதில் தேடிப் பாருங்கள். கிடைக்காது.

5

இங்கிலீஷில் மாற்றி டைப் அடித்துக் கொடுத்தவர் இன்பராஜ், அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் ஊரில் எதையும் கூசாமல் கேட்பார்கள், வயசு என்ன, கல்யாணம் எப்போது, மாப்பிள்ளை குடிப்பாரா என்று. ஆனால் பிள்ளைப்பேற்றில் போன பெண்ணைப் பற்றி அந்த வீட்டாரிடம் வாய் திறக்க மாட்டார்கள். இன்பராஜும் கேட்கவில்லை. மனசு தாங்காமல் சொந்தமாக ஒரு வரி மட்டும் சேர்த்தார், அவள் எனக்கு இரண்டாவது தாய் என்று.

தங்கச்செல்வி வாங்கிப் படித்தாள். எல்லாம் புரியாவிட்டாலும் சிஸ்டர் என்ற சொல் புரிந்தது, மதர் என்ற சொல்லும் புரிந்தது. மூத்தவள் என்றால் அக்காதானே. அவள் பாலைக் குடித்து வளர்ந்ததால் தாயும்தானே. எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டாள்.

(இன்பராஜை ஒரு கோமாளியாக ஆக்கலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை. இதில் யாருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.)

6

மெட்ராஸில் நேர்முகத் தேர்வு. உள்ளே ஒரு ருஷ்ய அம்மாளும், தமிழில் சொல்வதற்கு ஒரு மெட்ராஸ்காரரும். சங்கரலிங்கம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

ருஷ்ய அம்மாள் எழுந்து வந்து தங்கச்செல்வியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"உங்க அக்காவுக்காக ரொம்ப வருத்தப்படுறாங்க" என்றார் மெட்ராஸ்காரர். "நீ மெடிக்கல் கிடைக்காதுன்னு பயந்து கால்நடைக்குப் போட்டிருக்கேன்னு நினைக்கிறாங்க. மனுஷ டாக்டருக்கு ஒரு இடம் காலியா இருக்கு. உனக்கே தரலாம்னு சொல்றாங்க. அங்க கார்க்கோவ்ங்கிற ஊர்ல ரெண்டு காலேஜும் இருக்கு. வெளியே போய் அப்பாவைக் கேட்டுட்டு வாம்மா."

தங்கச்செல்விக்கு எங்கே முடிச்சு விழுந்தது என்று அப்போதுதான் புரிந்தது. உண்மை வாய் வரைக்கும் வந்தது. மெடிக்கல் என்ற சொல்லைக் கேட்ட பிறகு அது வெளியே வர மறுத்தது.

7

"அப்பா, மூத்தவள எங்கூடப் பெறந்த அக்கான்னு நெனச்சிட்டாக."

சங்கரலிங்கம் கொஞ்சம் யோசித்தார். "அதுல என்ன தப்பு?"

"அதுக்காக மனுச டாக்டர் சீட்டு தாராகளாம்ப்பா."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ஒங்கம்மாவுக்கு இது தெரிஞ்சா தெருவுல பந்தலே போட்ருவா."

"நீங்க என்ன சொல்றீக?"

"நான் புண்ணாக்கு விக்கிறவன் தாயி. என்னக் கேட்டா மாட்டுப் பக்கந்தான பேசுவேன்?" சிரித்தார். அப்புறம் சொன்னார்: "அவ பேரச் சொல்லி எந்தச் சீட்ட வாங்குனாலும் மூத்தவ கோவிச்சுக்கிற மாட்டா. அவளுக்குக் கோவமே வராது, ஒனக்குத் தெரியும்ல. நீ ஒம்மேல கோவிச்சுக்கிறாம இருப்பியா, அத மட்டும் பாரு. எதுன்னாலும் வீட்டுல நான் பேசிக்கிறேன்."

(இவ்வளவு நல்ல அப்பாவா என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. நானும் ஒரு பிரதியில் அவரைக் கொஞ்சம் பேராசைக்காரராக்கிப் பார்த்தேன். அந்தத் துண்டு அவர் தோளில் நிற்கவே மாட்டேன் என்றது.)

தங்கச்செல்வி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

8

முடிவு அ: "சரிங்க சார்" என்கிறாள். நாடே பெயர் மாறிப்போன பிறகு, கழுத்தில் குழாயோடு ஊர் திரும்புகிறாள். பிரசவத்தில் ஒருத்தியையும் சாகவிட மாட்டேன் என்று இருக்கிறாள். மூத்தவளுக்கு இதைவிட நல்ல மரியாதை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிவு ஆ: "அவ பசு சார்" என்கிறாள். மெட்ராஸ்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ருஷ்ய அம்மாள் சிரிக்கவில்லை, அவளும் எங்கோ ஒரு பண்ணையில் வளர்ந்தவள். மறுபடி கையைப் பிடித்துக்கொண்டு பழைய படிப்புக்கே முத்திரை குத்துகிறாள். மூத்தவளுக்கு இதைவிட நல்ல மரியாதை இல்லை என்றும் தோன்றுகிறது.

முடிவு இ: அவள் உள்ளே போய்—

இல்லை. மூன்றாவது ஒன்று கிடையாது.

9

பந்தியில் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன இடத்தில்தான் மோர் வந்தது. "அப்புறம், உள்ள போயி என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அழகுத்தாய் என்று மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"யக்கா, எங்க மூத்தவளுக்கு வலி எடுத்துருச்சு. பொழுதுபோற வரைக்கும் தாங்காது போலருக்கு. வாங்கக்கா!"

தங்கச்செல்வி எந்த மூத்தவள் என்று கேட்கவில்லை. இலையை மூடினாள். "வாரேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கையைக் கழுவிய வேகத்தில் கிளம்பிவிட்டாள். டாக்டர் வந்து சேர்வதற்குள் எதுவும் முடிந்துவிடக் கூடாது என்பது மட்டும் அந்த நடையில் தெரிந்தது.

வெற்றிலை போட்டுக்கொண்டு கடைசிப் பந்தி வரைக்கும் மண்டபத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அழகுத்தாயின் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்றபடியே கஸ்தூரியிடம் சொன்னார்: "ரெண்டு உசுரும் நல்லாருக்கு மதினி."

யாருடைய உயிர் என்று அந்த நேரத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சந்தோஷமாக இருந்தது, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். கஸ்தூரி ஜாங்கிரித் தட்டோடு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் பூரிப்பு.

"எம் மக டாக்டருல்ல!" என்றார்.

அன்றைக்கும் முன்னால் ஒரு சொல்லும் இல்லை. நான் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். நிரப்புவதானால் நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.