பச்சைக்கரை வேட்டி

தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கமலவேணி, பாதியில் கையை நிறுத்திவிட்டுத் தெருப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கிண்ணி சாய்ந்து எண்ணெய் தரையில் கோடாக ஓடியது. பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் கிண்ணியை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

“இன்னாத்தப் பாக்கற கமலா? உங்க அண்ணன் வந்துடுவாரு. ஆரணியிலேர்ந்து பஸ்ஸு வரணுமில்ல?”

கமலவேணி அண்ணனைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற வேனைத்தான் பார்த்தாள். வேனுக்குள் நேற்று சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து இரண்டு பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. எந்தப் பல்பு முதலில் சோர்கிறது என்று பார்த்துச் சொல்வதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டுக்கொள்ள வேண்டியவர் கூடத்தில் தெற்கே தலைவைத்து, கால் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தார்.

அவள் புருஷன் திருஞானசம்பந்தம் செத்து ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து மார்பைத் தடவினார். “வேணி, கொஞ்சம் தண்ணி குடு” என்றார். அவள் கொண்டுவந்து கொடுத்தபோது, “வேன்ல ரெண்டும் எரியுதா?” என்று கேட்டார்.

“எரியுது, எரியுது. நீங்க படுங்க.”

“எதுல பச்சையும் நீலமும் ஒண்ணாத் தெரியுதோ அதான் தோத்த பேட்டரி. பாத்து எனக்குச் சொல்லு. நீ சொன்னாத்தான் நம்புவேன்.”

பாதித் தண்ணீர் குடித்தார். மீதிப் பாதி பாயில் கொட்டியது.

பிள்ளையார்பாளையத்தில் முப்பத்தெட்டு வருஷம் தறிக்குழியில் கால் தொங்கப்போட்டிருந்த மனிதருக்கு, அறுபது தாண்டியதும் ஊர் சுற்றும் ஆசை வந்தது. இருக்கிற புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, முகூர்த்த மாசங்களில் ஊர் ஊராகப் போய் விற்பது. வேனிலேயே சமைப்பது, வேனிலேயே படுப்பது. ஏலத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை எடுத்தார். பெஞ்சுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பலகைக் கட்டில் இரண்டு அடித்தார். கட்டில் நீளத்துக்கு அளவெடுக்கிறேன் என்று பட்டப்பகலில் பெண்டாட்டியை வேனுக்குள் படுக்கச் சொல்லி முழம்போட்டார். தெருவே கூடி நின்று சிரித்தது. பிள்ளை குட்டி இல்லாத வீடு, ஆடட்டும் என்று சிலர் சொன்னார்கள். கமலவேணிக்கு அந்தப் பேச்சு வலிக்கவில்லை. ஆவணி பிறந்ததும் கடலூர், அதற்குப் பிறகு சிதம்பரம் என்று அவளும் மனசுக்குள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் வெளிச்சத்துக்கு என்ன வழி? இஞ்சினுக்கு இருக்கும் பேட்டரியில் பல்பு எரித்தால் காலையில் வண்டி கிளம்பாது. உள்ளே விளக்கெரிக்கவென்று தனியாக ஒன்று வேண்டும். ஏதோ ஒரு விளக்கு என்று விடவும் முடியாது. புடவை பார்க்கிறவர்கள் சாயங்காலம் வேலை முடிந்துதான் வருவார்கள். வேன் வாங்குவதற்கு முன்பு ஒருமுறை திண்டிவனத்தில் மங்கலான விளக்கில் மயில்கழுத்துப் பச்சை என்று விற்ற புடவை, விடிந்ததும் நீலமாகி வந்து சேர்ந்தது. கல்யாணப்பெண்ணின் தாயார் நடுத்தெருவில் நின்று கேட்டதை சம்பந்தம் சாகும்வரை மறக்கவில்லை. நிறம் மாற்றி விற்றவன் நெசவுக்காரனே இல்லை என்பது அவர் கட்சி.

செய்தித்தாளில் ஒன்று படித்துவிட்டு வந்து ஒருநாள் குதித்தார்.

“ராக்கெட்டுல வெயில்லேர்ந்தே கரண்டு எடுக்கறானாம் வேணி, தகடு வெச்சு! அதுல நாலு தகடு வேன் கூரையில போட்டா போதும், ஊர் ஊரா சார்ஜுக்கு அலையவே வேணாம்.”

“எங்க விக்கறாங்களாம்?”

“பூவராகவன் கடையில கேட்டேன். நம்ம ரெண்டு தெருவையும் வித்தாக்கூட ஒரு தகடு வராதாம்.”

“காஞ்சிபுரத்து வெயிலு, தலையில எறங்கறப்ப மட்டும் ஓசியா?” என்றாள் கமலவேணி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கடைசியில் பேட்டரிக் கடைப் பூவராகவன் இரண்டு பேட்டரிகளை நம்பிக்கையின் பேரில் கொடுத்தனுப்பினான். ஒன்று புத்தம்புதுசு. இன்னொன்று லாரியில் ஓடித் தேய்ந்து, தகடு மாற்றியது; விலை பாதிகூட இல்லை. எரித்துப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்றான்.

“புதுசே வாங்குங்க. அஞ்சாறு ஊரு சுத்தப் போறோம். நடுவழியில இருட்டுல உக்காரச் சொல்றீங்களா?” என்றாள் கமலவேணி.

“பழசு தாங்கும். மிச்சத்துல உனக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தை தெக்கச் சொல்லப்போறேன். பலகையில படுத்தா உன் முதுகு தாங்குமா?”

“ஆமா, கத்திரிக்கா வாங்கப் போனாலும் பேரம், கரண்டு வாங்கப் போனாலும் பேரம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க!”

நேற்று சாயங்காலம்தான் அப்படிச் சொன்னாள். நாக்கு அழுகிப்போகாதா என்று இப்போது இருந்தது.

அவர் சிரித்துக்கொண்டே வேன் ஜன்னல்களைக் கம்பளியால் மூடினார். முன்பக்கம் கட்டிலுக்கு மேலே புதுப் பேட்டரியின் பல்பு, பின்பக்கம் துணிப்பெட்டிக்கு மேலே பழைய பேட்டரியின் பல்பு. இரண்டிலும் ஒரே மாதிரி லாரி பல்பு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு பச்சைப் பட்டுநூல் கண்ணியும் ஒரு நீலக் கண்ணியும் தொங்கவிட்டார். தண்ணீர் மட்டம் பார்க்கிறது, மீட்டர் முள் பார்க்கிறது எல்லாம் அவருக்குத் தெரியாது. நூலைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தெரியும்.

வீட்டில் நிறத்துக்கு அவள்தான் நீதிபதி. ஒருமுறை கல்யாண ஆர்டருக்குச் சாயம் போட்டது பிசகிப்போயிற்று. “அரக்குன்னு சொல்லிடேன் வேணி, நாளைக்குப் பாவு ஓட்டணும்” என்று கெஞ்சினார். “இது அரக்கு இல்ல, செங்கல்லு” என்றாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மறுபடி சாயம் போட்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் மனசுக்காக அவள் நிறத்தை மாற்றிச் சொன்னதே இல்லை.

வீரபாகு உள்ளே வந்தார். சம்பந்தத்தின் தம்பி, கொள்ளி வைக்க வேண்டியவர். காலையிலிருந்து அலைந்து குரல் கம்மியிருந்தது.

“அண்ணி, பன்னெண்டு மணிக்கு ராகுகாலம். அதுக்கு முந்தி எடுத்துடணும். எல்லாம் தயாராகிக்கினு இருக்குது.”

“வீரபாகு, வேன்ல எந்த பல்பு எரியுதுன்னு பாத்துட்டு வாப்பா.”

அவர் விழித்தார். கங்கையம்மாளைப் பார்த்தார். கங்கையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிர்ச்சியில் புத்தி தடுமாறுகிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றியது முகத்திலேயே தெரிந்தது.

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் அண்ணி. கொஞ்சம் மோராவது குடிங்க.”

“நானே போய்ப் பாத்துட்டு வரேன்” என்று அவள் எழுந்தாள்.

கங்கையம்மாள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். “நீ போவாதம்மா. அவரு வாசப்படி தாண்டறதுக்கு முந்தி நீ தாண்டக்கூடாது. உனக்குத் தெரியாததா?”

அவளுக்குத் தெரியும். அவர் தாண்டிய பிறகு பல்பைப் பற்றித் தெரிந்து என்ன பிரயோசனம்? கேட்டவருக்குப் பதில் சொல்லாமலே அனுப்பிவைக்க வேண்டியதாகிவிடும். காலையிலிருந்து வராத அழுகை அப்போது முட்டியது. அழுதால் நேரம் போய்விடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

நீர் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்டியாயிற்று. திருநீறு பூசியாயிற்று. புது வேட்டி எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

“பட்டு வேட்டி ஒண்ணு அவருக்குன்னே நெய்ஞ்சு வெச்சாரு” என்றாள் கமலவேணி. “பச்சைக்கரை போட்டது. ஊருக்குப் போறப்ப கட்டறதுக்குன்னு வேன் பொட்டியில வெச்சிருந்தோம். நீலக்கரை வேட்டியும் ஒண்ணு அதுலியே இருக்கும், அது சிதம்பரத்து ஆர்டரு. பச்சைக்கரையைப் பாத்து எடுத்துக்கினு வா வீரபாகு.”

வீரபாகு போனார். வேன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பெட்டி மூடி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரத்தில் வேட்டியை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“இந்தாங்க அண்ணி, பச்சைக்கரை.”

முற்றத்து வெளிச்சத்தில் அவள் அதை விரித்தாள். கரை நீலமாக இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத, பளிச்சென்ற நீலம்.

வீரபாகு பதறிப்போனார். பிறந்ததிலிருந்து பட்டுநூலில் புரண்ட மனிதர். “அய்யய்யோ, இது நீலமாச்சே! அங்க பாக்கறப்ப பச்சையாத்தான் இருந்துது அண்ணி. நல்லா உத்துப் பாத்துதான் எடுத்தேன். என் கண்ணுக்கு இன்னா வந்துது?”

கமலவேணி வேட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

“பொட்டி மேல இருக்கற வெளக்குல பாத்தியா?”

“ஆமா. அது அழுது வடியுது, மஞ்சக் காமாலை கண்டாப்பல.”

“முன்னாடி இருக்கறது?”

“அது பகலு மாதிரி எரியுது. இன்னாத்துக்கு அண்ணி இதையெல்லாம் கேக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. உன் கண்ணு மேல தப்பு இல்லப்பா. போய் அந்த இன்னொரு வேட்டியை வெளிய வெயில்ல வெச்சுப் பாத்து எடுத்துக்கினு வா.”

அவர் போன பிறகு கமலவேணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். தோற்றது பழசு. அவள் சொன்னதுதான் சரி, அவர் சொன்னது தப்பு. இன்னொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாசம் அவரைக் கேலி பண்ணியிருப்பாள். அவர் வாயைத் திறந்து பதில் கேலி பண்ணியிருப்பார். மெத்தைக்குத் துணி வாங்கி வந்து மூலையில் வைத்திருந்தது கண்ணில் பட்டது. சிவப்புக் கோடு போட்ட துணி. அவள் பார்க்கக் கூடாதென்று அதன்மேல் அவர் பழைய சாக்கைப் போட்டு மூடியிருந்தார். ஒரு ஓரம் வெளியே தெரிந்தது.

பச்சைக்கரை வேட்டி வந்தது. உடுத்தினார்கள். வெளியே சங்கு ஊதினார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். கடைசியில் கமலவேணியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். மூன்று முறை அரிசி எடுத்து உதட்டருகே போட்டாள். நகரவில்லை. குனிந்து அவர் காதோரம் வாயை வைத்தாள்.

“பழசுதாங்க ஜெயிச்சுது,” என்றாள். “பச்சை பச்சையாவே தெரியுது. நீங்க சொன்னதுதான் சரி.”

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. வீடே அதிரும்படி வந்தது. கங்கையம்மாள் அவளை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் இழுத்தாள். பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது அவர் வாசற்படி தாண்டினார்.

வீடு கழுவி, தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரப்புடவை மாற்றி எல்லாம் ஆயிற்று. சாயங்காலம் நான்கு மணி வாக்கில் சுடுகாட்டிலிருந்து குளித்துவிட்டு வந்த பூவராகவன் வாசலோரம் தயங்கி நின்றான். அவள் இப்போது படி தாண்டலாம். எழுந்து வேனுக்குப் போனாள். அவனும் பின்னால் வந்தான்.

உள்ளே கம்பளிக்குப் பின்னால் இருட்டாகத்தான் இருந்தது. புதுப் பேட்டரியின் பல்பும் இப்போது கொஞ்சம் சோர்ந்திருந்தது, ஆனாலும் எரிந்தது. பெட்டிக்கு மேலே இருந்த பல்பில் ஒரு சிவப்பு இழை மட்டும் தெரிந்தது.

“இதைக் கேக்கற நேரமில்ல, இருந்தாலும் யக்கா…” என்றான் பூவராகவன்.

“புதுசை எடுத்துக்கினு போப்பா. பழசு இருக்கட்டும்.”

அவன் பெட்டிப் பக்கம் பார்த்தான். “பழசு செத்துப்போச்சே யக்கா! இதுவா தாங்கப்போவுது? புதுசை வெச்சுக்குங்க. ராத்திரியெல்லாம் எரியும்.”

“தெரியும். ஆனா அவராண்ட பழசுன்னு சொல்லி அனுப்பிச்சுட்டேன்.”

பூவராகவன் முன்பக்கம் போய் கம்பியைக் கழற்றினான். பல்பு அணைந்தது. பேட்டரியைத் தோளுக்குத் தூக்கும்போது, “பழசை நல்லா சார்ஜ் போட்டுத் தரேன். நாலஞ்சு மணி நேரம் எரியும்” என்றான்.

“அது போதும். ஒரு ஆளுதானே” என்றாள்.

அவன் போனான். கமலவேணி பெட்டிக்கு மேலே தொங்கிய இரண்டு நூல் கண்ணிகளையும் அவிழ்த்தாள். அந்த இருட்டில் இரண்டும் ஒரே நிறமாக இருந்தன. வேன் படியில் வந்து உட்கார்ந்து கைகளை வெளியே நீட்டினாள். ஆடி வெயில் தெருவில் இன்னும் பாக்கியிருந்தது. ஒரு கையில் இருந்தது பச்சை, இன்னொரு கையில் இருந்தது நீலம்.