அடமானம் போன கடல்

கடன் வாங்கி அவள் படித்த கடலியல், பட்டமளிப்பு விழாவுக்கு மறுநாளிலிருந்து வங்கி மேலாளரின் தலைக்குள் இருந்தது. வீடோ நிலமோ காட்ட முடியாதவர்களுக்கு அந்தக் கிளையில் படிப்புதான் அடமானம். சான்றிதழ் மட்டும் அவளிடம் இருந்தது. மேலாளர் கடலைப் பார்த்தவரில்லை. ஆனாலும் வாகனக் கடன் கேட்டு வந்தவர்களை உட்காரவைத்து, குளிர்ந்த நீர் ஏன் அடியில் போகிறது என்று விளக்கினார். “நல்ல மனுஷன்தான், தலைதான் கொஞ்சம் நனைஞ்சிருக்கு” என்பார் காசாளர்.

நேர்காணல்களில் கேள்வி கேட்டபோது, “அது பேங்க்ல இருக்கு சார்” என்று அவள் உண்மையைச் சொன்னாள். மீட்டுக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மீட்கப் பணம் வேண்டும், பணத்துக்கு வேலை வேண்டும். ஆகவே லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில், மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்குத் தொலைபேசியில் தைரியம் சொல்லும் வேலைக்குப் போனாள். ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்த அப்பா, ஓய்வு பெறுவதற்குள் அந்தக் கடன் தன் தலையிலிருந்து இறங்காதா என்ற கவலையில், “கடலையே கரைச்சுக் குடிச்சவ, லிஃப்டுக்குப் பதில் சொல்லிட்டிருக்கா” என்பார். “குடிச்சதைத்தான் பேங்க்ல கக்கிட்டு வந்துட்டேனேப்பா” என்பாள் அவள்.

தவணை கட்டக் கட்டப் படிப்பு திரும்பி வந்தது. முதலில் உப்பு, சில வருடங்கள் கழித்து நீரோட்டங்கள். அழைப்புகள் இல்லாத நேரங்களில் சுவரைப் பார்த்தபடி அவள் ஆழத்து நீரை நினைத்துக்கொண்டிருப்பாள். சம்பளம் உயரவில்லை. மேலாளரோ வாகனக் கடன்காரர்களிடம் வாகனத்தைப் பற்றியே பேசத் தொடங்கினார். கிளையை மேலிடம் பாராட்டியது. அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடைசித் தவணையோடு அவள் போனபோது, கடலியல் வேலைகளுக்கான வயது வரம்பை அவள் தாண்டியிருந்தாள். அவரிடம் மிச்சமிருந்தது கடலின் ஏற்ற இறக்கம் மட்டும். அவர் பணத்தைத் தொடவில்லை.

“இதை மட்டும் விட்டு வைம்மா.”

“எதுக்கு சார்?”

“சாயங்காலமானா உள்ள தண்ணி ஏறுது. அதைக் கேட்டுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். எனக்குன்னு வேற ஒண்ணும் இல்ல.”

அத்தனை வருடங்களில் அந்தப் படிப்பு வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“முதல்ல கணக்கை முடிங்க. எங்கப்பா ஜாமீன் ரத்தாகணும். அப்புறம் பேசலாம்.”

ரசீது கைக்கு வந்ததும் அவளுக்குள் கழுத்துவரை கடல் ஏறியது. இவ்வளவுதானா என்றும் இவ்வளவா என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது. அது இறங்கும்வரை நின்றிருந்துவிட்டு, அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் அவருக்கே வட்டிக்குக் கொடுத்தாள். மேலாளரின் மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மாதாமாதம் பணம் வந்தது. பட்டம் சம்பாதித்த முதல் காசு அது என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார்.

ஒரு மாதம் மட்டும் தேதி தவறியது. முன்பு தவணை தவறியபோதெல்லாம் அவர் அவளிடம் பேசிய அதே குரலில் அவள் போன் செய்தாள்: “சார், இந்த மாசம் இன்னும் வரலையே?”

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏறிட்டிருக்கும்மா. இறங்கினதும் கட்டிடறேன்.”

சரி என்று வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். யாரோ இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்தார்.