விளிம்புப் பாதையில் உட்கார்ந்துவிட்டவர்

அவள் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடமாக அடுக்குமாடிகளின் வயிற்றுக்குள் ஏறி இறங்குகிறவள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் கொஞ்சம் தங்கியே இருக்கும். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

தேசியப் பூங்காவில் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே பதினான்கு கிலோமீட்டர் பாதை. காலையில் வடக்கு வாசலில் நுழைந்தால் மாலை ஐந்து மணி பஸ்ஸுக்குத் தெற்கு வாசலில் வெளியே வந்துவிடலாம். வாத்தியார் ஒரு வாரமாக வரைபடத்தை உருப்போட்டு வைத்திருந்தார். சிவந்த பாறைச் சுவர்கள் கிடுகிடுவென்று கீழே இறங்கின. பருந்து ஒன்று அவர்கள் காலுக்குக் கீழே பறந்தது. பறக்கும் பருந்தின் முதுகை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"திங்கக்கிழமை என்ன சொல்லப் போற?" என்றார் அவர்.

கம்பெனியில் அவளை மேற்பார்வையாளர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடி அறை, சுழல் நாற்காலி, மேசையில் இரண்டு போன்.

"யோசிக்கிறேன்."

"இன்னும் எத்தனை நாளைக்குக் கயித்துல தொங்குவ?"

"கயித்துல இல்லீங்க, சேஃப்டி பெல்ட்டுல."

"ஏதோ ஒண்ணு. நீ வீடு வந்து சேர்ற வரைக்கும் தொங்குறது என் உயிருதான்."

அவள் சிரித்தாலும் அது மனதில் தைத்தது.

பாதி வழியில் பாதை ஒடுங்கியது. இடப்பக்கம் பாறை, அதில் பதித்த சங்கிலி. வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. முப்பது எட்டு வைத்தால் கடந்துவிடலாம். ஆனால் நட்டநடுவில் கனத்த உடம்புக்காரர் ஒருவர் சங்கிலியைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அக்கரையில் அவர் மனைவி, "பயப்படாதீங்க, எழுந்து வாங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கத்தலுக்கும் மனிதர் இன்னும் ஒடுங்கினார். போனில் சிக்னல் இல்லை.

அவள் பையைக் கணவரிடம் கொடுத்தாள். "அக்கா, அஞ்சு நிமிஷம் என்கிட்ட விடுங்க" என்று அக்கரைக்குக் குரல் கொடுத்துவிட்டுப் பாதையில் இறங்கினாள்.

நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவரிடம் "பயப்படாதீங்க" என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால்தான் பயம் நினைவுக்கு வரும். கைக்கெட்டும் தூரத்தில், சொந்த வீட்டுக் கூடத்தில் உட்காருவது போல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, என்ன வேலை பாக்குறீங்க?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷம். மலைப்பாதையில."

"அப்போ பள்ளம் உங்களுக்குப் புதுசில்லையே."

"அங்கே ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு."

"இப்பவும் உங்க கையிலேயே இருக்கட்டும். நீங்க சொல்லுங்க, நான் பின்னாடியே வர்றேன். முன்னால போகலாமா, திரும்பிடலாமா?"

அவர் மெல்லக் கண்ணைத் திறந்து பாறையைப் பார்த்தார். "முன்னாலதான். ரிவர்ஸ் எடுக்க இங்கே இடமில்லை."

"முதல்ல எந்தக் கால்?"

"இடது."

"கிளட்ச்சா?"

அவர் உதட்டில் ஏதோ அசைந்தது. எழுந்தார். அவருடைய முதுகுப்பை வாரை அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு எட்டுக்கு ஒருமுறை அவராகவே "நிறுத்தம்" என்றார், நின்றார், "போலாம்" என்றார். பதினைந்து எட்டுக்குக் கால் மணி நேரம். அக்கரை சேர்ந்ததும் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். அந்த அம்மாள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வாத்தியார் இரண்டு பைகளோடும் வந்து சேர்ந்தபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"இதையா தினமும் பண்ற?"

"தினமும் எங்கே? மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை."

அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "நீ மெஷினோட மல்லுக்கட்டுறேன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தேன்."

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. விட மனமில்லாதது கயிற்றையும் கிரீஸையும் அல்ல. கதவுக்கு அந்தப் பக்கம் தவிக்கும் ஆளை. மற்ற வேலையெல்லாம் வேறு யாரும் செய்யலாம்.

"மேற்பார்வை வேலைய ஏத்துக்கப் போறேங்க" என்றாள். "ஆனா எங்கேயாவது ஆள் மாட்டிக்கிட்டா நான்தான் போவேன்னு எழுதி வாங்கிட்டுத்தான்."

"ஒத்துக்கலேன்னா?"

"ஒத்துப்பாங்க. என்னை விட்டா அவங்களுக்கு யார் இருக்கா?"

வாத்தியார் மறுக்கவில்லை. "எழுதும்போது பெல்ட்டும் புதுசா கேளு" என்றார்.

மீதி ஏழு கிலோமீட்டரை நால்வருமாக நடந்தார்கள். விளிம்பை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நடந்த டிரைவர், லிஃப்டில் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்று வழியெல்லாம் அவளைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். தெற்கு வாசலுக்கு வந்தபோது மணி நாலே முக்கால்தான் ஆகியிருந்தது.