பிப்பின் ஊதாக் கால்சட்டை

அந்த வீட்டில் பனிமலை உடுப்புகள் மேலிருந்து கீழேதான் வரும். மெரினின் அக்காள் மகள் பெக் போட்டது மூத்த மகள் டீகனுக்கு, டீகன் போட்டது சின்ன மகள் பிப்புக்கு. ஒவ்வொரு வருடமும் கழுத்துப் பட்டியில் பழைய பெயரை அடித்துவிட்டு அதன் அடியில் புதுப் பெயரை எழுதுவது மெரினின் வேலை. மலைமேல் பனிச்சறுக்குக் கிளப்பின் விடுதியில் பத்துக் குடும்பத்துத் துணியும் ஒரே உலர்த்தும் அறையில் தொங்கும். பெயர் இல்லாத துணி அங்கே ஊர்ச் சொத்து.

ஜூலை விடுமுறையின் முதல் சனிக்கிழமை. பூமியின் தென்பாதியில் அது நடுக்குளிர்காலம்; அவர்கள் ஊரான வாங்கரட்டாவில் உறைபனி இன்னும் புல்லை விட்டுப் போகவில்லை. கராஜ் பரணிலிருந்து இறக்கிய பெட்டிகள் கூடம் முழுக்கக் கிடந்தன. மறுநாள் விடியுமுன் கிளம்ப வேண்டும்.

மெரினுக்கு இது வெறும் உல்லாசப் பயணம் இல்லை. டீகனுக்குப் பதினைந்து வயது. ஒரு வருடமாகச் சோற்றோடு மல்லுக்கட்டுகிறாள். மார்ச்சில் டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார்: இன்னும் எடை இறங்கினால் மெல்பர்னில் ஆஸ்பத்திரிப் படுக்கைதான், மாதக்கணக்கில். அதற்குப் பிறகு தட்டு தினமும் காலியானது. மெரின் நம்பினாள். பெற்றவள் நம்புவதற்குப் பெரிய சாட்சியெல்லாம் வேண்டியதில்லை. மலைக்குப் போனால் பசிக்கும், போன வருடம் அங்கே கிண்ணம் கிண்ணமாகச் சூப் குடித்தவள்தானே என்று ஒரு வாரமாக லசான்யா செய்து உறையவைத்திருந்தாள். ஒரு படைக்கே பரிமாறலாம்.

குளிர்காலமும் மகளுக்குத் துணை போயிருந்தது. ஜூன் பிறந்தால் அந்த ஊரில் எல்லோரும் கம்பளி உள்ளுடுப்புக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போடுவார்கள். டீகன் மூன்று போட்டாள். "என் பொண்ணு சமத்து, ஹீட்டரே வேணாம்" என்று அப்பன் ரஸ்ஸல் மெச்சிக்கொண்டான்.

"அம்மா, இது எனக்குப் பத்தல!" பதினொரு வயது பிப் ஊதாக் கால்சட்டையை முட்டிக்கு மேல் ஏற்ற முடியாமல் ஒற்றைக் காலில் குதித்தாள்.

"ராட்சசி மாதிரி வளந்தா எப்படிப் பத்தும்? அக்காவோட பச்சைய எடுத்துக்க. டீகன், உனக்கு பெக் அக்காவோட கருப்பு."

டீகன் கருப்பைப் போட்டு, இடுப்பில் கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். "எலாஸ்டிக் போயிருச்சும்மா. என் பச்சையவே போட்டுக்கறேன்."

பச்சை போன வருடம் அவளுக்குக் கச்சிதமாக இருந்தது. இப்போது கையை விட்டதும் அதுவும் நழுவியது. "அதுலயும் எலாஸ்டிக் போச்சு" என்றாள்.

பிப் விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்தா பாப்பா, என்னோடத போட்டுப் பாரு!" ஊதா பறந்து வந்தது.

தங்கையின் வாயை அடைக்கவோ என்னவோ, டீகன் அதை மாட்டினாள். நீளம் மட்டும் எட்டவில்லை. ஜிப் ஏறியது, பொத்தானும் பூட்டிக்கொண்டது, அதற்கு மேலும் இடுப்பில் ஒரு கை நுழையும் இடம் இருந்தது.

பிப்பின் சிரிப்பு நின்றது. "அது என்னோடது" என்றாள், சின்னக் குரலில்.

"நல்லாத்தான இருக்கு. இதையே எடுத்துக்கறேன்." சொல்லும்போது டீகன் முகத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மெரின் அதைக் கண்டாள். அவள் பயந்தது அந்தச் சந்தோஷத்துக்குத்தான்.

கராஜ் கதவிலிருந்து ரஸ்ஸல் தலையை நீட்டினான், கையில் திருப்புளி. பனிச்சறுக்குப் பலகையில் காலணியைக் கவ்வும் பிடியைக் கடைக்காரனிடம் விடமாட்டான், அவனே முடுக்குவான். "மகாராணி, எடை எவ்வளவு? சீக்கிரம் சொல்லு."

"போன வருஷம் இருந்ததுதாம்பா."

"அப்பச் சரி, தொட வேண்டாம்."

அந்த வீட்டில் பிப்புக்குக்கூடத் தெரியும்: விழும்போது பிடி காலை விட்டுவிட வேண்டும். ஆளின் எடைக்கு மேல் இறுக்கினால் அது விடாது, எலும்புதான் முறியும். மெரின் வாயைத் திறந்தால் மலை இல்லை, படுக்கைதான். திறக்காவிட்டால் ஒரு வாரம் கிடைக்கும். ஒரே ஒரு வாரம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் மகள் மட்டுமல்ல, பரிமாறிய தானும்தான் என்று அவளுக்கு அப்போது உறைத்தது.

"ரஸ்ஸல், பிப்போட பிடிக்கு என்ன நம்பர் வச்ச?"

"பிப்புக்கு என்ன, சின்ன நம்பர்தான். ஏன்?"

"டீகனோடதையும் அதுலயே வை. அதுக்கும் கீழ இருந்தாலும் சரி."

"விளையாடாத மெரின், பிப் குழந்த..." அவன் கண் அப்போதுதான் ஊதாவில் விழுந்தது. போன வருடம் அதன் தோள்வாரைப் பிடித்துத்தான் பிப்பைப் பனியிலிருந்து தூக்கியிருந்தான். திருப்புளியைச் சட்டைப்பையில் வைக்கப் போனான். அது தரையில் விழுந்தது. அவன் குனியவில்லை.

"அம்மா, டாக்டர்கிட்ட சொல்லாதம்மா. மலையில சாப்பிடறேன். சத்தியமா. சூப்பு, லசான்யா, எல்லாம்."

"நம்பி நம்பித்தான் இங்க வந்து நிக்கறோம், கண்ணு. இனிமே என்னால முடியல."

"சொன்னா உன்ன மன்னிக்கவே மாட்டேன்."

"மன்னிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டு மெரின் போனை எடுத்தாள்.

இன்றைக்கே கூட்டி வாருங்கள், நீண்ட நாள் தங்கும்படி வாருங்கள் என்றார்கள் மெல்பர்ன் ஆஸ்பத்திரியில். குணமாகிவிடுவாளா என்று கேட்டாள். அந்தப் பக்கம் நல்ல மனுஷி போலிருக்கிறது, பொய் சொல்லவில்லை.

ரஸ்ஸல் காரிலிருந்து பலகைகளை இறக்கினான். லசான்யாத் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்பவும் உறைபெட்டியில் அடுக்கினான். டீகன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மெரின் பெரிய பையைக் கவிழ்த்து, அதிலிருந்து ஒரு சின்னப் பைக்கு எடுத்து வைத்தாள். காலுறை, தொப்பி, கம்பளி உள்ளுடுப்பு. டீகனின் உள்ளுடுப்பை விரித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

பிப் தன் கம்பளி உள்ளுடுப்பை மடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். "ஆஸ்பத்திரியில குளிருமாம்மா?"

ஆஸ்பத்திரியிலும் துணி மாறிப்போகும். மெரின் பேனாவைத் தேடி எடுத்தாள். கழுத்துப் பட்டியில் பெக் அடிக்கப்பட்டிருந்தது, டீகன் அடிக்கப்பட்டிருந்தது, அதன் அடியில் பிப். பிப்பையும் அடித்தாள். அதற்குக் கீழே மறுபடியும் டீகன் என்று எழுதினாள்.