ஒன்றும் ஏழும்

காலை ஆறே முக்காலுக்கு நான் வீட்டுக்கு வருவேன். ஏழரைக்கு அவள் கிளம்புவாள். சாயங்காலம் அவள் திரும்புவதற்குள் நான் போயிருப்பேன். எங்கள் குடித்தனமே அந்த முக்கால் மணி நேரம்தான்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. அவள் லிஃப்ட் மெக்கானிக். என்னைச் 'சலவை' என்று கூப்பிடுவாள், நான் அவளை 'மேஸ்திரி' என்பேன். நிஜமான மேஸ்திரி வேலை இப்போதுதான் காலியாகியிருந்தது. எட்டு ஆண்களுக்குத் தலைமை. பதினோரு வருஷமாக அவளுக்கு அது வேண்டும்.

அதற்கு ஒரு படிவம். மனு போட்டவரின் குணத்தைப் பற்றி அவரும் நிரப்ப வேண்டும், வீட்டில் ஒருவரும் நிரப்ப வேண்டும். வரிக்கு வரி இடது ஓரத்தில் ஒரு குணம், வலது ஓரத்தில் ஒரு குணம், நடுவில் ஒன்று முதல் ஏழு வரை எண்கள். முதல் வரியில், மென்மை என்றால் ஒன்று, உறுதி என்றால் ஏழு. இடது ஓரம் முழுக்கப் பொம்பளை, வலது ஓரம் முழுக்க ஆம்பளை. மேஸ்திரி எந்த ஓரத்தில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

எல்லா வரியிலும் ஏழு என்ற எண்ணை வட்டமிட்டேன். கீழே 'ஓர் உதாரணம் தருக' என்று இருந்தது. எகிறிய ஒரு ஒப்பந்தக்காரரை அவள் ஒரே பேச்சில் அடக்கியதாக எழுதினேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

நின்றபடியே டீயைக் குடித்துக்கொண்டு படித்தாள்.

"யாரு இது?"

"நீதான்."

"இது எங்க அண்ணன். மீசை ஒண்ணுதான் பாக்கி."

"வேலை வேணுமா வேணாமா?"

"வேணும். எனக்கு வேணும். இந்த ஆளுக்கு இல்ல."

தன் படிவத்தை என் பக்கம் தள்ளினாள். முதல் வரியில் ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம், ஏழைச் சுற்றி ஒரு வட்டம்.

"ஒண்ணுதான் போடணும்னு மேலயே எழுதியிருக்கே, மேஸ்திரி."

"இருக்கட்டும். அந்த லிஃப்ட் விஷயத்த ஏன் எழுதல?"

நான் என் படிவத்தை மடித்தேன்.

"பன்னெண்டு மணி வரைக்கும் டைம். நான் சைட்ல இருப்பேன். ஆபீஸ்ல குடுக்கறதும் கிழிச்சுப் போடறதும் உன் இஷ்டம்."

போய்விட்டாள். டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஆஸ்பத்திரி லிஃப்டில், அழுக்குத் துணி வண்டியோடு இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம். ரத்த வாடை, மூத்திர வாடை, விளக்கும் இல்லை. அவள் வந்து மேல்மாடிக் கதவைத் திறந்தாள். என் தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி தெரிந்தது. தரையில் குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டாள். நான் பிடித்துக்கொண்டேன்.

"வண்டியில எத்தன தலகாணி உறை இருக்கு? நிதானமா எண்ணிச் சொல்லுங்க, அவசரமே இல்ல" என்று காய்ச்சல்காரக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினாள். அதே மூச்சில், மோட்டார் அறையில் இருந்தவனிடம் வாக்கி டாக்கியில், "நான் சொல்லாம பிரேக்கத் தொட்டே, மேல வந்து உன் கைய ஒடிப்பேன்" என்றாள். லிஃப்ட் ஒரு சாண் நகர்ந்தால் அவள் கைதான் போகும். அது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எடுக்கவில்லை.

இந்தக் கதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "லிஃப்ட்ல மாட்டுன மாப்ள, மொத்தமா மாட்டிக்கிட்டாரு" என்பார் மச்சான், அவள் அண்ணன். ஆனால் என் கதையில் நான் துணி மூட்டைமேல் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்தேன். நிஜத்தில் அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் அவள் அதை யாரிடமும் சொன்னதில்லை.

நான் அழுததைச் சொல்லாமல் அவள் செய்ததைச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒப்பந்தக்காரர்.

அன்று படுக்கவில்லை. ஒப்பந்தக்காரரைக் கோடு போட்டு அடித்துவிட்டு நடந்ததை எழுதினேன். முதல் வரியில் ஒன்றையும் வட்டமிட்டேன். இரண்டு படிவங்களையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் ஆபீஸ் அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"அழுதீங்களா?"

"ஆமா சார்."

"ஒரு வரிக்கு ரெண்டு வட்டம் போடக் கூடாதுங்க."

"ரெண்டும் ஒரே நேரத்துல நடந்துச்சு சார். நான் கீழ இருந்து பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டையும் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் வந்தபோது அவள் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக உட்கார நேரம் இருக்காது.

"நேத்து சாயங்காலம் எட்டுப் பேரையும் நிக்க வச்சு ஆபீஸ் சார் அதப் படிச்சிட்டாரு."

"முழுசாவா?"

"சத்தம் போட்டு அழுதது வரைக்கும்."

எதிரே உட்கார்ந்தேன். "வேலை?"

"மூணு மாசம் பாத்துட்டு நிரந்தரம் பண்ணுவாங்களாம். இன்னிலேர்ந்து." டீயை என் பக்கம் தள்ளிவிட்டு, "அண்ணன் போன் பண்ணான். அந்த எட்டுல ஒருத்தன் அவன் சிநேகிதன்" என்றாள்.

"சரி. என்ன சொன்னாரு?"

"ஞாயித்துக்கிழமை வரும்போது உனக்கு ஒரு டஜன் கைக்குட்டை வாங்கிட்டு வரானாம்."

சிரிக்காமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்தாள். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் போகாது. பிடித்துக்கொண்டேன். மணி ஏழு பத்து. இன்னும் இருபது நிமிஷம் இருந்தது.